ட்ரைவர் இல்லையாம்!

வவுனியாவிலிருந்து மன்னார் வீதியால் போனால் வாற பூவரசங்குளத்தில் பெரியப்பா ஒரு பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். போன விடுமுறைக்கு அங்கேதான் நின்றேன். கடையில் இருப்பது பழைய கொம்பியூட்டர். 2025 ஒக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போட டீபிஎம் 2.0 வேணும், அது இந்த மெஷினில் இல்லை. திருத்த வந்த அண்ணா புது மெஷின் வாங்கச் சொன்னார்.

"லினக்ஸ் போட்டால் என்ன அண்ணா?" எண்டு கேட்டேன்.

"இந்த பில் போடுற கீபோர்ட்டுக்கு லினக்ஸில ட்ரைவர் இல்லை தங்கச்சி. நீங்கள் ஆர்ட்ஸ் தானே படிக்கிறியள்?"

பெரியப்பா சிரிச்சார். நான் வாயை மூடிக்கொண்டேன். மூடியிருக்கக் கூடாது.

அன்றிரவு கடை பூட்டின பிறகு ஒரு பென்ட்ரைவில் உபுண்டுவை ஏற்றி, மெஷினை அதிலிருந்து ஸ்டார்ட் பண்ணினேன். ஹார்ட் டிஸ்கில் கை வைக்கேல்லை. கீபோர்ட் வயரைச் செருகி, எழுதுற பக்கம் ஒன்றைத் திறந்தேன். எழுத்து விழுந்தது, இலக்கம் விழுந்தது. 'சீனி 1 கிலோ' எண்டு ஸ்டிக்கர் ஒட்டியிருந்த விசையை அழுத்த, அந்தப் பொருளின் இலக்கம் அப்பிடியே திரையில் வந்தது. நான் எதையும் இன்ஸ்டோல் பண்ணேல்லை.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. யூஎஸ்பி கீபோர்ட்டுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே பொதுமொழியைப் பேசுகின்றன. எச்ஐடி எண்டு அதற்குப் பெயர். லினக்ஸ் கேர்னலுக்கு அந்த மொழி ஏற்கெனவே தெரியும். பார்கோட் ஸ்கேனரும் பெரும்பாலும் தன்னைக் கீபோர்ட் எண்டுதான் அறிமுகப்படுத்தும். சவர்க்காரத்தின் இலக்கத்தை யாரோ படுவேகமாக டைப் பண்ணினதாக மெஷின் நினைக்கும். கடைக் கீபோர்ட்டில் மேலதிகமாக இருப்பது ஒன்றுதான்: எந்த விசைக்கு என்ன அர்த்தம் எண்டு நாங்களே வைக்கலாம். பல மாடல்களில் அது கீபோர்ட்டுக்குள் இருக்கிற சின்ன நினைவகத்தில் பதியும். ஒருக்காப் பதிந்தால் எந்த மெஷினில் செருகினாலும் வேலை செய்யும்.

அந்தப் பதிவைச் செய்யிற மென்பொருளைத்தான் பல கொம்பனிகள் விண்டோஸுக்கு மட்டும் தருகின்றன. பூட்டு அங்கேதான் இருக்கு. அதற்கும் வழி உண்டு. கூட்டாளியின் விண்டோஸ் மெஷினை ஒரு மணித்தியாலம் இரவல் வாங்கிப் பதியலாம். இல்லாவிட்டால் ஈவிடெஸ்ட் எண்ட கருவியால் ஒவ்வொரு விசையும் எந்த இலக்கத்தை அனுப்புது எண்டு பார்த்து, லினக்ஸின் யூடெவ்வுக்கு ஒரு சின்னக் கோப்பு எழுதி அர்த்தத்தை மாற்றலாம்.

அந்த அண்ணாவில் எனக்குக் கோபமில்லை. அவருக்குப் படிப்பித்தவர்களும் விண்டோஸை மட்டும்தான் காட்டியிருப்பினம். செருகிப் பார்க்காமலே சொல்லுற அந்தப் பதிலில்தான் கோபம். மாவுக்குப் புதுசா ஒரு விசை வைக்க வேணும் எண்டாலும் பெரியப்பா வவுனியாவுக்குக் கோல் எடுத்து, ஆள் வரும்வரை காத்திருந்து, வந்துபோற செலவையும் கொடுக்கிறார். தன்ர கல்லாவில் இருக்கிற விசைக்கு என்ன அர்த்தம் எண்டு தீர்மானிக்கிற உரிமை அவரிட்ட இல்லை.

இது பழைய கதைதான். 1980 அளவில் எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்துக்கு ஒரு ஸெரொக்ஸ் பிரிண்டர் வந்தது. பேப்பர் சிக்கினால் ஆட்களுக்கு அறிவிக்கிற மாதிரி அதைத் திருத்த ரிச்சர்ட் ஸ்டோல்மன் நினைத்தார். மூலநிரல் கிடைக்கேல்லை. அதை வைத்திருந்தவர் ஒருவருக்கும் கொடுக்க மாட்டேன் எண்டு வாக்குக் கொடுத்திருந்தார். 1983 செப்டெம்பரில் ஸ்டோல்மன் குனூ திட்டத்தை அறிவித்ததற்குப் பின்னால் அந்தக் கோபமும் இருக்கு.

எங்கட கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. கடைக்கு வாற அம்மம்மாக்கள் பில்லை வாங்கி என்னட்ட நீட்டுவினம்: "பிள்ளை, இதில என்ன போட்டிருக்கு?" பருப்பும் மல்லியும் செத்தல் மிளகாயும் ஆங்கில எழுத்தில். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேணும். வாசிக்க ஏலாத சீட்டை வைத்துக் கணக்கை எப்பிடிச் சரிபார்க்கிறது?

மலிவான பில் பிரிண்டர்களுக்குள் தமிழ் எழுத்து இருக்காது. உடனே "தமிழ் வராது" எண்டுவினம். ஆனால் பில்லை ஒரு படமாக வரைந்து அனுப்பினால் அதே பிரிண்டர் தமிழை அச்சடிக்கும். பொருளின் பெயரைத் தமிழில் அடிக்க, இலங்கை நியமமான ரெங்கநாதன் விசைப்பலகை லினக்ஸில் சும்மா கிடைக்குது. மூடின மென்பொருள் எண்டால் இதைச் செய்துதரச் சொல்லிக் கெஞ்ச வேணும். திறந்தது எண்டால் நாங்களே கை வைக்கலாம்.

"கணக்கு மென்பொருள் விண்டோஸிலதானே ஓடுது?" எண்டு கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஓடூவின் சமூகப் பதிப்பில் கடைக்குரிய பகுதி பிரவுசரிலேயே ஓடும். ஆனால் பழைய கணக்கை அதற்குள் கொண்டுவரவும், பழுதானால் வந்து பார்க்கவும் ஆள் வேணும். கேரளத்தில் 2000களில் ஆசிரியர்களைப் பழக்கித்தான் பள்ளிக்கூடங்களை லினக்ஸுக்குக் கொண்டுவந்தார்கள். ஆள் தானாக முளைக்கேல்லை. வன்னியில் ஆள் இல்லை எண்டு சொல்லுற நாங்கள், லீவுக்கு வீட்ட வந்து போனைத் தடவிக்கொண்டு இருக்கிறோம். ஆர்ட்ஸ் படிக்கிறது ஒரு சாட்டில்லை. நானும் மனுவலை வாசிச்சுத்தான் செய்தேன். வாசிக்கிறதுதானே எங்கட படிப்பு?

பெரியப்பா இன்னும் விண்டோஸில்தான் பில் போடுறார். புது மெஷின் மட்டும் வாங்கேல்லை. பென்ட்ரைவ் காசு லாச்சிக்குள்ள கிடக்கு. அடுத்த லீவுக்கு முதல் வேலை அதுதான்.

உங்கட ஊர்க் கடையிலும் ஆராவது "ட்ரைவர் இல்லை" எண்டால், மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கோ: "செருகிப் பார்த்தனீங்களோ அண்ணா?"