பிழையில்லாத பொய்

"உப்பளத்துப் பிள்ளைக்கு ஐக்கூ எதற்கு? முதலில் ஒற்றுப்பிழையின்றி எழுதப் பழக்குங்கள்!" என்று அறிவுரை வழங்குகின்றனர் பெரியவர்கள். கண்கூசும் உப்புவெளியில் ஒரு நண்பகல் நின்றறியாதவர்கள், மரக்காணத்துப் பிள்ளைக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று தீர்ப்பே கூறிவிடுகின்றனர்!

பிழையின்றி எழுதவேண்டும், மறுப்பார் யார்? ஆனால் எதை எழுத? ஐந்தாம் வகுப்பில் மழையைப் பற்றி எழுதச் சொன்னோம். அத்தனை ஏடுகளிலும் ஒரே மழை! வானம் கறுத்தது, மயில் ஆடிற்று, உழவர் உள்ளம் குளிர்ந்தது. உழவர் உள்ளம் குளிரட்டும்; உப்பளத்தார் வீட்டில் குளிர்ந்தது எது? மழை விழுந்தால் பாத்தியில் விளைந்த உப்புக் கரையும். வடகிழக்குப் பருவம் தொடங்கிவிட்டாலோ மாதக்கணக்கில் வேலை நிற்கும், கூலி நிற்கும். அரசு நிவாரணம் வழங்கவேண்டிய நிலை. இத்தனையும் அறிந்த பிள்ளை மயிலை ஏன் எழுதினான்? கட்டுரை என்றால் மயில்தான் என்று நாமல்லவா பழக்கி வைத்தோம்! பிழை ஒன்றுகூட இல்லை, உண்மையும் இல்லை.

ஆகவேதான் மூன்றே வரி கேட்டோம். கண்டதை எழுது, காணாததை எழுதாதே, அழகு, இன்பம், துன்பம் என்ற சொற்களைத் தொடாதே. அவ்வளவுதான் விதி. மறுநாள் ஒரு சிறுமி நீட்டிய தாள்:

மழை பெய்கிறது
அப்பா வீட்டில் இருக்கிறார்
அம்மா பேசவில்லை

ஐந்து, ஏழு, ஐந்து எங்கே என்று விரல்விட்டு எண்ணுவோர் எண்ணட்டும். சப்பானியர் எண்ணும் ஒலிக்கூறு வேறு, நம் அசை வேறு. 17 என்ற கணக்கைப் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றுவது இன்னொரு மனப்பாடம். ஐக்கூவின்மேல் சிலர் பூசும் ஞானப் பூச்சும் நமக்கு வேண்டாம். பிள்ளைக்கு வேண்டியது முக்தியன்று, பார்வை!

அயல்நாட்டுச் சரக்காம்! இங்கிருந்து ஒரு மணிநேரப் பேருந்துப் பயணத்தில் உள்ள புதுச்சேரியில் வாழ்ந்தபோதுதான், 1916-இல், பாரதியார் சப்பானியக் கவிதையைப் பற்றிச் சுதேசமித்திரனில் எழுதினார். 1984-இல் அமுதபாரதியின் 'புள்ளிப்பூக்கள்' நூலாகவே வந்துவிட்டது. சப்பானியர் கவிதையில் பருவச்சொல் கேட்டனர். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றது தொல்காப்பியம். நெல்லுக்கு உப்பு என்று கூவிச் சென்ற உப்பு வணிகர் மகளை அகநானூற்றில் பாடி வைத்தார் அம்மூவனார். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இந்த மரக்காணமே என்பர் ஆய்வாளர். உப்பு விற்றவள் பாட்டில் இருக்கலாம். அவள் வழிவந்தவள் பாட்டு எழுதினால் மட்டும் ஆகாதோ?

நம் தோழர்கள் சிலர் கேட்கும் கேள்விதான் நம்மை உறங்கவிடாதது. "உப்பளத்துப் பிள்ளையை உப்பையே எழுதச் சொல்கிறீர்களே, 1953-இல் ஆச்சாரியார் கொண்டுவந்த குலக்கல்வியின் வாடை அல்லவா இது?" என்கின்றனர். நல்ல கேள்வி. அத்திட்டம் பிள்ளையைப் பள்ளியில் அரை நாள் நிறுத்தி, மீதிப் பொழுதில் அப்பன் தொழிலுக்கு அனுப்பியது. எதிர்ப்பு மூண்டது, 1954-இல் காமராசர் ஆட்சியில் அது ஒழிந்தது. உப்பை வாரும் பலகையைப் பிள்ளையின் கையில் கொடுப்பது குலக்கல்வி. அந்தப் பலகையைப் பிடித்த கையை உற்றுப்பார், எழுது என்பது வேறு. ஆயினும் ஒன்றை ஒப்புகிறோம்: உப்பை மட்டுமே எழுது என்று நாம் சொன்னால் தோழர்கள் கூறுவது சரியாகிவிடும். இனித் தலைப்பே கொடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். சென்ற வாரம் ஒருவன் பேருந்தின் உடைந்த கண்ணாடியை எழுதினான்; இன்னொருத்தி விண்கலத்தை எழுதினாள். அதை அவள் கண்டதில்லைதான். விதியை மீறிவிட்டாள், விட்டுவிட்டோம்.

மழையை எழுதிய சிறுமி தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்போது, "மழை நாளுக்குக் கூலி ஏன் இல்லை, சார்?" என்றாள். பாடநூலில் தேடினோம்; இல்லை. வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் அதைப் பற்றித்தான் பேசவிருக்கிறோம்.