மேசையில் மூன்று வேதாகமம்

போன முறை சம்பளச் சீட்டை வாசிப்பது பற்றி எழுதினோம். இம்முறை வேறொரு வாசிப்பு.

இரவு வேலை இல்லாத சனிக்கிழமைகளில் நாங்கள் நாலைந்து குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடுவோம். வேதக்காரரும் உண்டு, சைவக்காரரும் உண்டு. மேசையில் மூன்று வேதாகமம் இருக்கும். ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய மொழிபெயர்ப்பு, 1995இல் வெளிவந்த திருவிவிலியம், பிள்ளைகளுக்காக வாங்கிய லூதரின் டொச் பதிப்பு. ஒன்று போதாதா என்றுதான் நாங்களும் முதலில் நினைத்தோம்.

அன்று 23ஆம் சங்கீதம். பழையதில் 'மேய்ப்பர்', புதியதில் 'ஆயர்'. அதிலே சிக்கல் இல்லை. பள்ளத்தாக்கு வருகிற இடத்தில் தமிழ் இரண்டிலும் சாவு வருகிறது. மகனை ஊரில் பறிகொடுத்த அக்கா ஒருவர் அந்த இடம் வந்தால் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார். நாங்களும் ஒன்றும் கேட்பதில்லை. அன்று ஒரு சின்னப்பிள்ளை டொச்சில் வாசித்தாள். அதில் சாவு இல்லை, இருண்ட பள்ளத்தாக்கு மட்டும்தான்.

"பிள்ளை விட்டுட்டு வாசிக்கிறாளோ?" என்று அக்கா குசினி வாசலில் நின்று கேட்டார்.

விடவில்லை. மூல எபிரெயச் சொல்லைச் சாவின் நிழல் என்றும் எடுக்கலாம், கும்மிருட்டு என்றும் எடுக்கலாம். இரண்டுக்கும் அறிஞர்கள் இருக்கிறார்கள்.

"அப்ப இருட்டு எண்டும் வாசிக்கலாம்," என்று சொல்லி வந்து இருந்தார். திரும்ப வாசிக்கச் சொன்னார்.

இன்னொன்றைக் கேளுங்கள். டொச்சில் கர்த்தர் 'ஹெர்'. எங்கள் போர்மனின் பெயருக்கு முன்னாலும் அதே 'ஹெர்'தான்! ஆனால் போர்மனுக்கு 'சீ', கடவுளுக்கு 'டூ'. தமிழில் அவர் 'நீர்', நாங்கள் வீட்டில் மனைவியைக் கூப்பிடுகிற அதே 'நீர்'.

கடவுள் என்ற சொல்லுக்கே எத்தனை பாடு! தரங்கம்பாடியில் 1715 அளவில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்க் என்ற ஜேர்மன்காரர் 'சருவேசுரன்' என்றார். பின்வந்த பப்ரிசியஸ், அவரும் ஜேர்மன்காரர், 'பராபரன்' என்றார். பிறகு 'தேவன்' வந்தது, 1995இல் 'கடவுள்'. இன்று நாங்கள் அவர்களுடைய மொழியோடு படுகிற பாட்டை, அவர்கள் அன்று எங்கள் மொழியோடு பட்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரின் மொழிபெயர்ப்புக்கு உழைத்தவரோ எங்கள் ஆறுமுக நாவலர். ஆகவே சைவக்காரர் எங்கள் மேசையில் இருப்பதைப் பற்றி ஒருவரும் முணுமுணுக்க வேண்டாம்.

அடுத்த கூட்டத்துக்குப் பகவத் கீதை இரண்டு மொழிபெயர்ப்பில் கொண்டுவருவதாக ஒரு அண்ணர் சொல்லியிருக்கிறார். உங்கள் வீட்டில் வேறு பதிப்பு இருந்தால் எடுத்து வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், டொச் வாசிக்க அவர்கள் வேண்டும்.