ஓசிக் கச்சேரி

'ஓசி' என்ற வார்த்தையைக் கேட்டால் என் காது தானாக நிமிர்ந்துகொள்ளும். மார்கழியில் சபாக்களின் மத்தியானக் கச்சேரி ஓசி என்பதால்தான் எனக்குக் கொஞ்சம் சங்கீதமே தெரியும். அதிலும் பாதி கேன்டீன்.

2007-ல் ஆபீஸ் என்னை ஆறு மாசம் கலிபோர்னியாவுக்கு அனுப்பியிருந்தது. காபி விலையைக்கூட நாற்பதால் பெருக்கிப் பார்த்துவிட்டுப் பச்சைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த காலம். அப்போதுதான் அறை நண்பர் (பெயர் வேண்டாம், அவருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்) அந்தச் சேதியைக் கொண்டுவந்தார்.

"ஞாயித்துக்கிழமை சான்பிரான்சிஸ்கோல பெரிய பாட்டுக் கச்சேரி. ஹிப்பிங்க கூடி நாப்பது வருஷம் ஆச்சாம். டிக்கெட்டே கிடையாது!"

"சாப்பாடு?"

"அது நாமதான்."

புளியோதரை கட்டிக்கொண்டு கிளம்பினோம். செப்டம்பர் 2. கோல்டன் கேட் பூங்காவில் ஸ்பீட்வே மெடோ என்ற பெரிய புல்வெளி. எள் போட்டால் எள் விழாத கூட்டம். தாத்தாக்கள் கழுத்தில் பாசிமணி, பாட்டிகள் தலையில் பூ. மதுரைச் சுங்குடிச் சேலையை வெட்டிச் சட்டை தைத்த மாதிரி எல்லார் மேலும் வட்ட வட்டமாகச் சாயம். காற்றில் ஒரு வாசனை. "யாரோ துளசியைக் கொளுத்தறாங்க போல" என்றேன். நண்பர் மூச்சை ஆழமாக இழுத்துப் பார்த்துவிட்டு, "துளசி இல்லை" என்றார். மறுபடியும் இழுத்தார்.

மேடை ஏறிய பழைய கைகளில் ஒருவர் கன்ட்ரி ஜோ மெக்டொனால்டு. வியட்நாம் யுத்தத்தைக் கிண்டலடித்துப் பாடிப் பேர் வாங்கியவர். கிண்டல் சும்மா வரவில்லை. 1967 கோடையில் இந்தப் பூங்காவை ஒட்டிய ஹெய்ட்-ஆஷ்பரி பேட்டைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் இளவட்டங்கள் வந்து குவிந்தார்கள். பையன்களுக்குப் பட்டாளத்தில் சேரச் சொல்லிக் கடுதாசி எப்போது வருமோ என்று வயிற்றில் புளி. அந்த யுத்தத்தில் செத்த அமெரிக்கர்கள் மட்டும் 58,000-க்கு மேல். வியட்நாமில் பல லட்சம். என் பதினெட்டு வயசில் தபால்காரர் கொண்டுவந்த ஆகப் பெரிய ஆபத்து பரீட்சை ரிசல்ட்தான்.

வந்த ஒரு லட்சம் பேருக்குச் சோறு? அங்கே 'டிக்கர்ஸ்' என்று ஒரு கோஷ்டி. நாடகக்காரப் பிள்ளைகள். பூங்காவில் அண்டா வைத்து ஓசிச் சாப்பாடு போட்டார்கள். கடை ஒன்று திறந்து, எல்லாம் ஓசி, எடுத்துட்டுப் போ என்றார்கள். ஜூனில் ஓர் இலவச ஆஸ்பத்திரியும் வந்தது. நாற்பது வருஷம் லேட்டாகப் பிறந்துவிட்டேனே என்று நொந்துகொண்டே புளியோதரையை முடித்து, காகிதத்தைக் கசக்கிப் புல்லில் போட்டேன்.

ஒரு கை வந்து அதை எடுத்தது. வெள்ளைக் குடுமி, தொங்கு தாடி, கையில் பெரிய கறுப்புக் குப்பைப் பை. திட்டுவார் என்று பார்த்தால் சிரித்தார்.

"எந்த ஊர்?"

"தென்னிந்தியா. தமிழ்நாடு."

"அட, சச்சிதானந்தா ஊரா?"

நான் திருதிருவென்று முழித்தேன். 1969-ல் வுட்ஸ்டாக்கில் நாலு லட்சம் பேர் கூடினார்களே, அங்கே முதல் நாள் மேடையேறி ஆசி சொன்னவர் கோயம்புத்தூர் பக்கத்துச் செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தா. தமிழனுக்கு அதை ஒரு ஹிப்பித் தாத்தா சொல்லித் தர வேண்டியிருந்தது!

"வுட்ஸ்டாக்கும் ஓசிதானே?" என்றேன், அசடு வழிந்ததை மறைக்க.

"மூணு நாளைக்குப் பதினெட்டு டாலர் டிக்கெட். வேலி போட்டு முடிக்கறதுக்குள்ள ஜனங்க உள்ளே வந்துட்டாங்க. சரி, ஓசின்னு அறிவிச்சுட்டாங்க. நடத்தினவங்க கடனாளி ஆனாங்க."

அதே வருஷம் டிசம்பர் 6-ல் ஆல்டமான்ட்டில் நடந்த ஓசிக் கச்சேரியைப் பற்றிச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. காவலுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் கும்பலை வைத்தார்களாம், சம்பளம் பீர். மேடைக்கு எதிரிலேயே பதினெட்டு வயசுப் பையனைக் குத்திக் கொன்றார்கள். அன்று போனது மொத்தம் நாலு உயிர்.

"ஓசின்னா செலவே இல்லைன்னு அர்த்தம் இல்லை தம்பி. வேற யாரோ கொடுத்துட்டாங்கன்னு அர்த்தம்."

1967-ல் பையில் காலணா இல்லாமல் வந்து இறங்கியபோது அவருக்கு வயசு பத்தொன்பது. ஒரு மாசம் டிக்கர்ஸ் அண்டாதான் சோறு போட்டதாம். அதிலிருந்து எங்கே ஓசிக் கச்சேரி நடந்தாலும் பையோடு போய்விடுகிறார்.

"நாப்பது வருஷமா அந்த பில்லைக் கட்டறேன். இன்னும் முடியலை."

எதையும் நாற்பதால் பெருக்கும் எனக்கு இந்தக் கணக்கு மட்டும் வரவில்லை. அவரிடமே இன்னொரு பை கேட்டு வாங்கினேன். மேடையில் கிடார் கதற, நானும் நண்பரும் குனிந்து நிமிர்ந்து இரண்டு மூட்டை சேர்த்தோம். "இதுக்கு டிக்கெட்டே வாங்கியிருக்கலாம்" என்று நண்பர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் புல்வெளிக்கு 2011-ல் ஹெல்மன் ஹாலோ என்று பேர் மாற்றிவிட்டார்கள். வாரன் ஹெல்மன் பெரிய பணமுதலீட்டுக்காரர், ஆசைக்குப் பான்ஜோ வாசிப்பவர். 2001 முதல் தன் சொந்தக் காசைப் போட்டு இந்தப் பூங்காவில் வருஷா வருஷம் இலவசக் கச்சேரி நடத்தினார். பேர் மாற்றிய அதே வருஷம் டிசம்பரில் போய்ச் சேர்ந்துவிட்டார். கச்சேரி இன்னும் ஓசியாகவே நடக்கிறது. ஹிப்பிகள் ஆடிய இடத்துக்குக் கோடீஸ்வரர் பேரா என்று கேட்கலாம். பில் கட்டினவர் பேரைத்தானே ரசீதில் எழுத வேண்டும்?

நண்பருக்குப் போன் பண்ணி இதைச் சொன்னேன்.

"ரெண்டு மூட்டை அள்ளினோமே, நம்ம பேரை எங்கேயாவது போட்டிருக்கானா?"

"இல்லை."

"நல்லவேளை. எனக்குக் குப்பை அள்ளத் தெரியும்னு வீட்ல இன்னும் தெரியாது!"