உடையவர் பார்க்காத வண்டி

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

“உடையவன் பாராப் பயிர் உருப்படாது” என்று எங்கள் பாட்டி அடிக்கடி சொல்வார். பாட்டி நினைத்துச் சொன்னது நெல்லையும் கத்தரிச் செடியையும். ஆனால் அந்தப் பழமொழி புது ஸ்கூட்டருக்கும் பொருந்தும் என்பதைச் சென்ற ஆண்டு எங்கள் வீட்டு வாசலிலேயே கண்டுகொண்டேன். அதை என் தோழியருக்கும் பெற்றோர்களுக்கும் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

என் அம்மா தாம்பரத்தில் வேலை பார்க்கிறார். கேளம்பாக்கத்திலிருந்து புதுப்பாக்கம், மாம்பாக்கம், கண்டிகை, வண்டலூர் வழியாகப் போக ஏறத்தாழ 25 கிலோமீட்டர். பேருந்துக்குக் காத்திருந்து காத்திருந்து சலித்துப்போய், சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஒரு ஸ்கூட்டர் வாங்கினார். வண்டிக்கு மாலை போட்டு, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தெருவில் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தோம். அத்துடன் எங்கள் கவனிப்பு முடிந்துவிட்டது. வண்டியோடு வந்த கையேடு, உறை கூடப் பிரிக்கப்படாமல் இருக்கைக்கு அடியில் கிடந்தது.

விடுமுறையில் பொழுது போகாமல் நான்தான் அதைப் பிரித்தேன். புதுச் செருப்பு காலுக்குப் பழகச் சில நாட்கள் ஆவதுபோல, புது எஞ்சினும் பழக வேண்டுமாம். சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனின் வளையங்கள் சிலிண்டர்ச் சுவரோடு உராய்ந்து உராய்ந்து பொருந்துகின்றன. அப்போது தேயும் நுண்ணிய உலோகத் துகள்கள் எண்ணெயில் கலக்கின்றன. ஆகவேதான் முதல் எண்ணெயைச் சீக்கிரமே மாற்றச் சொல்கிறார்கள். பல ஸ்கூட்டர்களுக்கு முதல் சர்வீஸ் 500 முதல் 1000 கிலோமீட்டருக்குள், அல்லது குறிப்பிட்ட நாட்களுக்குள், எது முன்னால் வருகிறதோ அப்போது செய்ய வேண்டும். அதுவரை ஆக்சிலேட்டரை முழுவதும் முறுக்கக் கூடாது. அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றக் கூடாது. இதே நாட்களில்தான் புதுக் கேபிள்கள் நீளும்; அதிர்வினால் நட்டும் போல்ட்டும் தளரும். புது டயரின் மேற்பரப்பு வழுக்கும்.

நான் ஒரு கணக்குப் போட்டேன். போக 25, வர 25. ஒரு நாளைக்கு 50 கிலோமீட்டர். இருபதே வேலை நாட்களில் ஆயிரம் ஆகிவிடும். அம்மாவோ, “ஒரு மாசம் ஆகட்டும் கண்ணு, அப்புறம் பார்க்கலாம்” என்று நினைத்திருந்தார். அந்தக் கணக்குத்தான் அவரை நேரத்தோடு சர்வீஸுக்கு அனுப்பியது.

தாத்தாவின் காலத்தில் இப்படி யாரும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. பஜாஜ் நிறுவனத்தின் சேத்தக் ஸ்கூட்டர் 1972-இல் வந்தது. ராணா பிரதாப்பின் குதிரையின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்துதான் அதை வாங்க முடிந்ததாம். அத்தனை காத்திருந்து கிடைத்ததால் குதிரையைப் போலவே பேணினார்கள். பெட்ரோலில் எண்ணெய் கலப்பது, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்ப்பது, வழியில் பஞ்சரானால் ஸ்டெப்னியை மாட்டுவது எல்லாம் சொந்தக்காரரின் வேலைகளே. பிறகு 1984-இல் கைனடிக் ஹோண்டா வந்தது. கியர் மாற்ற வேண்டாம். பொத்தானை அழுத்தினால் போதும். பெண்கள் தயங்காமல் ஓட்ட அத்தகைய வண்டிகள் வழி திறந்தன. 2018-இல் தமிழ்நாடு அரசு, வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் விலையில் பாதியை, 25,000 ரூபாய்க்கு மேற்படாமல், மானியமாகத் தரும் திட்டத்தைத் தொடங்கியது. இப்படி வண்டி பெண்ணின் பெயருக்கு வந்துவிட்டது. ஸ்பானர் மட்டும் இன்னும் வேறு யாருடைய கையிலோ இருக்கிறது. இது சரிதானா என்பதே என் கேள்வி.

நடந்ததைச் சொல்கிறேன். முதல் சர்வீஸ் முடிந்து வண்டி வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கம்போல் பழைய செய்தித்தாளை வண்டிக்கு அடியில் விரித்திருந்தேன். ஒரு மணி நேரத்தில் அதன் மேல் மூன்று எண்ணெய்ப் பொட்டுகள். அம்மா போன் செய்து கேட்டபோது, “புது வண்டின்னா அப்படித்தாம்மா இருக்கும், போகப் போகச் சரியாயிடும்” என்றார்கள். நான் கையேட்டில் சொன்னபடி, வண்டியைச் சமதரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு அணைத்து, கொஞ்சம் பொறுத்து, அளவுக் குச்சியைத் துடைத்து நுழைத்து எடுத்துப் பார்த்தேன். எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் தாழ்ந்திருந்தது. அம்மா அந்தத் தாளையே மடித்துக் கையோடு கொண்டுபோய்க் காட்டினார். கழற்றிப் பார்த்தால், எண்ணெய் வடிக்கும் போல்ட்டுக்கு வாஷரே போடவில்லை! இரண்டு நிமிட வேலையில் சரியாகிவிட்டது. அதைப் பாராமல் விட்டிருந்தால் எஞ்சின் ஒருநாள் இறுகி நின்றுபோயிருக்கும். அதுவும் இரவு எட்டு மணிக்கு, மாம்பாக்கம் சாலையில், அம்மா தனியாக வரும்போது நின்றிருந்தால்? அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது.

நான் மட்டும் தவறே செய்யாதவள் என்று எண்ணிவிடாதீர்கள். எங்கள் ஊரில் உப்பளங்களும் கோவளத்துக் கடற்காற்றும் உண்டு. உப்புக் காற்று பட்டால் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று பாடத்தில் படித்தேன் அல்லவா? அந்த அறிவை உடனே காட்ட எண்ணி, குழாயை அழுத்திப் பிடித்து வண்டியின் முகத்திலேயே தண்ணீரைப் பீய்ச்சினேன். சுவிட்சுக்குள் நீர் புகுந்து, ஹாரன் இரண்டு நாள் ஊமையாகிவிட்டது. அம்மா கோபிக்கவில்லை, ஆனால் ஹாரன் இல்லாமல் அந்தச் சாலையில் போய் வந்தவர் அவர்தான். அன்று முதல் ஒரு வாளி நீரும் மெல்லிய துணியும்தான். துடைத்து உலர்த்தியபின் ஸ்டாண்டின் கீலுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடுகிறேன். பிரேக்கிலும் டயரிலும் மறந்தும் எண்ணெய் படவிடுவதில்லை.

வாரம் ஒருமுறை பதினைந்து நிமிடம் போதும். வண்டி ஓடிச் சூடாகும் முன் காற்று பார்க்க வேண்டும். எங்கள் வண்டிக்கு முன்னால் 22, பின்னால் 29. பிரேக் பிடியை அழுத்தி, எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். தளர்ந்திருந்தால் பின்சக்கரத்து நட்டை முடுக்கி, சக்கரம் தடையின்றிச் சுழல்கிறதா என்று சுற்றிப் பார்க்க வேண்டும். விளக்குகள், ஹாரன், கண்ணாடி, எண் பலகையின் திருகுகள் ஆகியவற்றைத் தொட்டுப் பார்த்து, தேதியும் கிலோமீட்டரும் ஒரு நோட்டில் குறிக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்த கையேடு ஆங்கிலத்தில் இருந்ததால், வேண்டியதை அம்மாவுக்காகத் தமிழில் அதே நோட்டில் எழுதிவைத்தேன்.

இதற்கு மறுப்புக் கூறுவோரும் உண்டு. “நாமே கை வைத்தால் வாரண்டி போய்விடாதா?” என்கிறார் மாமா. நியாயமான கேள்வியே. நான் சர்வீஸை விடச் சொல்லவில்லை. கூப்பன்படி ஒவ்வொன்றையும் உரிய இடத்தில் செய்து, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். உரிமையாளரே பார்க்கலாம் என்று கையேடு அனுமதிப்பதோடு நம் கை நிற்க வேண்டும். “பெண்பிள்ளைக்கு இந்த எண்ணெய்ப் பிசுக்கு எதற்கு?” என்கிறார் பக்கத்து வீட்டுப் பாட்டி. 2021-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில், மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஆலை ஒன்று முழுக்க முழுக்கப் பெண்களாலேயே நடத்தப்படும் என்று அறிவித்தார்கள். ஸ்கூட்டரையே செய்யக்கூடிய கைகள் ஒரு நட்டை முடுக்கக் கூடாதா? மின்சார வண்டி வந்தாலும் இந்தப் பாடம் வீணாகாது. எஞ்சின் எண்ணெய் இல்லையே தவிர, காற்றும் பிரேக்கும் நட்டும் அதிலும் உண்டு.

“உனக்கு ஓட்டவே வயதாகவில்லையே” என்று கேலி செய்யும் தோழியருக்கும் ஒரு சொல். உண்மைதான். 50 சி.சி.க்கு மேற்படாத கியர் இல்லாத வண்டிக்கே 16 வயது நிறைந்து, பெற்றோர் சம்மதமும் வேண்டும். மற்ற வண்டிகளுக்கு 18. சிறுவர் ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்க 2019-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே நான் ஓட்டவில்லை, ஓட்டவும் கேட்கமாட்டேன். ஆனால் பேணுவதற்குச் சட்டம் எந்த வயதையும் விதிக்கவில்லை. முதலில் பேணக் கற்றவள் பிறகு பொறுப்போடு ஓட்டுவாள் என்பது என் தாழ்மையான கருத்து.

நம் தையல் வகுப்பில் ஊசியும் நூலும் தருகிறார்கள். கிழிந்ததை நாமே தைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதானே அதன் நோக்கம்? அதே வகுப்பில் மாதத்தில் ஒரு நாள் ஒரு ஸ்பானரும் காற்றளவுக் கருவியும் நம் கையில் தர வேண்டும் என்று ஆசிரியைகளைப் பணிவுடன் வேண்டுகிறேன். பெற்றோர்களே, வண்டி வாங்கும் அன்று இனிப்போடு அந்தக் கையேட்டையும் உங்கள் மகளின் கையில் கொடுங்கள்.

தோழியரே, இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு வண்டியின் அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்துப் பாருங்கள். தாள் சுத்தமாக இருந்தால் மகிழ்ச்சி. பொட்டு விழுந்திருந்தால், அதைக் கண்டவள் நீயாக இருப்பாய்.