இயங்குதளம் யார் கையில்?

2018 ஜனவரியில் கோர்ஓஎஸ் என்னும் சிறு நிறுவனத்தை ரெட் ஹேட் 25 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டே ரெட் ஹேட்டை ஐபிஎம் சுமார் 3,400 கோடி டாலருக்கு விழுங்கியது. 2020 மே மாதம் கோர்ஓஎஸ் உருவாக்கிய ‘கன்டெய்னர் லினக்ஸ்’ இயங்குதளத்தின் பராமரிப்பு முற்றாக நிறுத்தப்பட்டது. அதை நம்பிச் சர்வர்களை இயக்கியவர்கள் மாற்று தேட வேண்டியதாயிற்று.

மேசைக் கணினிக்குத் தேவையானவற்றையெல்லாம் களைந்து, கன்டெய்னர்களை இயக்குவதற்கு வேண்டியதை மட்டும் வைத்திருப்பதே இத்தகைய எளிய லினக்ஸ். கிளவுட் மையங்களில் ஆயிரக்கணக்கான சர்வர்களிலும், தரவு பிறக்கும் இடத்திற்கு அருகிலேயே ஆலையிலும் தொலைத்தொடர்புக் கோபுரத்திலும் வைக்கப்படும் சிறு கணினிகளிலும் அது ஓசையின்றி உழைக்கிறது.

கன்டெய்னர் லினக்ஸ் மடிந்துவிடவில்லை. அதன் நிரல் கட்டற்ற உரிமத்தில் இருந்ததால், பெர்லினின் கின்வோக் நிறுவனம் அதிலிருந்து ‘ஃபிளாட்கார்’ என்ற கிளையை முன்னரே தொடங்கியிருந்தது. 2021இல் கின்வோக்கையும் மைக்ரோசாப்ட் வாங்கிவிட்டது! 2024இல் ஃபிளாட்கார் லினக்ஸ் ஃபவுண்டேஷனைச் சேர்ந்த ஓர் அமைப்பின் பொறுப்பில் ஏற்கப்பட்டது. அந்த அமைப்பின் முதன்மை உறுப்பினர்களிலோ அமேசானும் கூகுளும் மைக்ரோசாப்டும் அடக்கம்.

இதில் அடங்கியுள்ள பாடம் தெளிவானது. நிரலை எவரும் அபகரிக்க முடியாது. உரிமம் அதைக் காக்கிறது. ஆனால் நிரலைப் பராமரிக்கும் உழைப்பை மூலதனம் விலைக்கு வாங்க முடியும். வாங்கிய பின் கைவிடவும் முடியும்.

விலைபோகாத திட்டங்களின் நிலை என்ன? சுமார் 5 எம்பி அளவே உள்ள ஆல்பைன் லினக்ஸின் கன்டெய்னர் வடிவத்தை உலகெங்கும் பெருநிறுவனங்கள் பயன்படுத்துகின்றன. 2025 ஜனவரியில், இலவசமாகக் கிடைத்து வந்த சர்வர் வசதி முடிவுக்கு வருவதால் உதவி வேண்டும் என்று அத்திட்டம் பொதுவெளியில் கோர நேர்ந்தது. பலன் தனியாருக்கு, சுமை தன்னார்வலர்களுக்கு!

இந்தியாவுக்கு இது அந்நியப் பிரச்சனை அல்ல. 2025 ஜூலையில், ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைகளைத் தொடர்ந்து நயாரா எனர்ஜி நிறுவனத்திற்கான சேவைகளை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. தில்லி உயர் நீதிமன்றத்தை அந்நிறுவனம் நாடிய பின்னர் சேவை திரும்பியது. இந்திய மண்ணில் இயங்கும் எண்ணெய் சுத்திகரிப்பு நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கான சாவி எங்கோ இருந்தது.

அரசு அலுவலகங்களில் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை ஒன்றிய அரசு 2015இலேயே அறிவித்தது. இலவசமாக எடுத்துக்கொள்வது மட்டுமே கொள்கையாகிவிட முடியாது. பொதுப் பணத்தில், பொதுத்துறை ஆய்வு நிறுவனங்களில், நிரந்தரப் பணியிலுள்ள பொறியாளர்கள் இத்திட்டங்களைப் பராமரிக்க வேண்டும். கட்டற்ற மென்பொருளைப் பள்ளிகளில் நிலைநாட்டிய கேரளம், அரசியல் உறுதி இருந்தால் இது இயலும் என்பதைக் காட்டியுள்ளது. பொதுச் சொத்தைப் பொதுமக்களின் அரசு காக்கத் தவறினால், அதன் கதியை அடுத்த விற்பனை ஒப்பந்தமே தீர்மானிக்கும்.