நிர்வாகம் படிக்கவும் நம்மில் ஒருவர் வேண்டும்



"டிப்ளமோ முடிச்சிட்டு என்ன பண்ணப் போறே?" இந்த ஆண்டு நம் எல்லோர் காதிலும் விழுகிற கேள்வி. கம்பெனி வேலை, லேட்டரல் என்ட்ரி, வெளிநாடு என்று ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறோம். என் பதில் இது: என்றாவது ஒருநாள் கல்வி நிர்வாகத்தில் டாக்டர் பட்டம் வாங்க வேண்டும். வகுப்பில் சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும், காரணத்தைப் படித்துவிட்டுச் சிரிக்கட்டும்!

அப்படி ஒரு படிப்பு இருப்பதே பலருக்குத் தெரியாது. வாத்தியார் பாடம் நடத்துகிறார், பிரின்ஸிபால் கையெழுத்துப் போடுகிறார், இதில் ஆராய என்ன இருக்கிறது என்கிறார்கள். பள்ளியை எந்த ஊரில் திறப்பது, மணியை எப்போது அடிப்பது, உதவித்தொகையை எந்த மாதம் கொடுப்பது, இதெல்லாம் யாரோ எடுக்கிற முடிவுகள். அவற்றின் பலன் என்ன என்று அளந்து பார்ப்பதுதான் இந்தப் படிப்பு. டெல்லியில் 1962-ல் யுனெஸ்கோ துணையோடு தொடங்கிய ஒரு மையம், 2006-ல் பல்கலைக்கழகத் தகுதி பெற்று, இன்று தேசிய கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாக நிறுவனமாக இருக்கிறது. அங்கே பி.எச்டி. உண்டு.

இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவர் அமெரிக்காவின் எல்வுட் கபர்லி. 1905-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் டாக்டர் பட்டம் பெற்றார். பள்ளி நிதியை எப்படிப் பங்கிடுவது என்பதே அவருடைய ஆய்வு. நல்ல காரியம்தான். ஆனால் அவரே 1916-ல் எழுதிய நிர்வாக நூலில் பள்ளியைத் தொழிற்சாலை என்றும், பிள்ளைகளை மூலப்பொருள் என்றும் வர்ணித்தார். நாம் மேனேஜ்மென்ட் பாடத்தில் படிக்கிறோமே, ஸ்டாப்வாட்ச் வைத்து வேலையை அளந்த டெய்லர், அவருடைய காலம் அது. இந்தத் திறமை மோகம் பள்ளிக்கூடங்களை எப்படிப் பிடித்து ஆட்டியது என்று ரேமண்ட் கல்லஹான் 1962-ல் ஒரு புத்தகமே எழுதினார்.

நான் மெக்கானிக்கல் மாணவன். ஒர்க்‌ஷாப்பில் மூன்று வருஷம் நின்றவன். அதனால் சொல்கிறேன்: லேத்தில் மாட்டுகிற இரும்புத்துண்டு பசியோடு வருவதில்லை. இரண்டு பஸ் மாறியும் வருவதில்லை. அளவு தப்பினால் அதை ஸ்கிராப்பில் போடலாம். படிப்பை விட்ட பிள்ளையை எந்தத் தொட்டியில் போடுவது?

என் அக்கா எட்டாவதோடு நின்றாள். படிப்பு வராமல் இல்லை. உயர்நிலைப் பள்ளி அடுத்த ஊரில்; மாலை பஸ் ஊருக்குள் வரும்போது இருட்டிவிடும். ரெஜிஸ்டரில் அவள் பெயருக்கு நேரே 'இடைநின்றவர்' என்று ஒரு வார்த்தை. நின்றது அவளா, பஸ்ஸா? இந்தக் கேள்வியை அந்த ரெஜிஸ்டர் கேட்காது. கேட்கத் தெரிந்த ஒருவர் அதிகாரியின் நாற்காலியில் இருக்க வேண்டும்.

"அதுக்கு டாக்டர் பட்டம் எதுக்குப்பா? மனசு இருந்தா போதாதா?" என்று நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. நெ.து. சுந்தரவடிவேலு டாக்டர் பட்டத்துக்காக ஆய்வு செய்தவர் அல்ல. காமராஜர் ஆட்சியில் கல்வி இயக்குநராக இருந்து, 1956-ல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்துக்குத் தோள் கொடுத்தார். பசி வயிறு பள்ளிக்கு வராது என்று தெரிந்த நிர்வாகம் அது. மனசு முதலில் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மனசு மட்டும் இருந்தால் மனு எழுதலாம். கணக்கும் இருந்தால்தான் மாற்ற முடியும். எந்த வழித்தடத்தில் எத்தனை பேர் வருகிறார்கள், முதல் மணி வருகைப்பதிவு எவ்வளவு, அரியர் யாருக்கு அதிகம் என்று மூன்று வருஷப் பதிவேட்டைப் புரட்டிப் பட்டியல் போட்டால், 'பசங்க சோம்பேறி' என்ற பேச்சு நிற்குமா என்று தெரிந்துவிடும். அதுதான் ஆராய்ச்சி.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் சிகாகோவின் எல்லா ஃபிளாக் யங். தகட்டு வேலை செய்த தொழிலாளியின் மகள். பதினேழு வயதில் ஆசிரியை ஆனவர், பல்லாண்டு பள்ளியிலும் நிர்வாகத்திலும் உழைத்துவிட்டு, 1900-ல், தம் 55-வது வயதில், டாக்டர் பட்டம் பெற்றார். பாடம் நடத்துகிற ஆசிரியர்களை முடிவெடுப்பதிலிருந்து ஒதுக்கி வைக்கக்கூடாது என்பது அவர் ஆய்வின் சாரம். 1909-ல் சிகாகோ நகரப் பள்ளிகள் அனைத்துக்கும் தலைவரானார். நாற்காலிக்குப் போகும் முன்பு கரும்பலகை முன் நின்றவர் அவர்.

வழி நீளம்தான், மறைக்கவில்லை. டிப்ளமோவுக்குப் பிறகு பி.இ. மூன்று ஆண்டு. பி.இ. படித்தவர்களும் பி.எட். சேரலாம், 2014 விதிகளின்படி பி.எட்., எம்.எட். இரண்டிரண்டு ஆண்டு. பி.எச்டி.க்கு 2022 விதிப்படி குறைந்தது மூன்று, அதிகபட்சம் ஆறு. ஆக, பத்து ஆண்டுக்குக் குறையாது. செங்கல் சூளையில் வேலை பார்க்கும் என் அப்பாவிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். "அதுவரைக்கும் அடுப்பு எரியணுமே?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே பகுதிநேரமாக பி.எச்டி. செய்ய அதே விதிகளில் இடமிருக்கிறது. நானும் முதலில் வேலைக்குத்தான் போவேன்.

பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டுக்கொள்ளவும், சம்பள உயர்வுக்கும் மட்டும் இந்தப் பட்டம் என்றால் அது நமக்கு வேண்டாம். சட்டங்களை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்தச் சட்டத்தில் அடிபடாதவர்கள். நாம் அடிபட்டவர்கள். குடும்பத்தில் முதல் ஆளாகப் படிக்க வந்தவனுக்கு வழியில் எத்தனை பள்ளம் என்று தெரியும். அந்தப் பள்ளங்களை அளக்கிற வேலையை மற்றவர்களுக்கே விட்டுவிட வேண்டுமா?

எல்லோரும் இதைப் படிக்கச் சொல்லவில்லை. ஐம்பது பேரில் ஒருவர் போதும். அந்த ஒருவர் நீங்களாகவும் இருக்கலாம். யோசியுங்கள் தோழர்களே!

— மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்