களைக்குத் தெரியுமா வர்த்தமானி?

வர்த்தமானியில் ஒரு வரி அச்சேறிவிட்டால் மலைச்சரிவிலே களை முளையாது எனக் கொழும்பில் எவரோ கருதிவிட்டனர் போலும்! 2015 இல் கிளைபோசேற்றுக் களைகொல்லியைத் தடுத்தனர். 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடையைத் தளர்த்தினர். 2021 மே மாதம் இரசாயன உரத்தையும் களை, பூச்சி மருந்துகளையும் ஒருசேர நிறுத்தினர், நவம்பரில் பின்வாங்கினர். 2022 இல் கிளைபோசேற்றுத் தடையும் ஒழிந்தது. ஏழாண்டில் இத்தனை ஆணைகள்! சட்டம் படித்த நாமே வரிசை தவறாது சொல்லத் தடுமாறுகின்றோம்.

தடையின் நோக்கத்தை நாம் பழிக்கவில்லை. முதுகிலே மருந்துக் கலத்தைச் சுமந்து நஞ்சைச் சுவாசிப்பவன் எம் தொழிலாளியே. ஆயினும், மருந்தை நிறுத்தியவர்கள் மாற்று எதனைத் தந்தார்கள்? 1867 இல் லூல்கந்துரையில் தேயிலை ஊன்றிய நாள் முதலாகக் கண்டிச் சீமையின் மலைகளிலே புல் வெட்டிய கைகள் எவருடையவை? கலகாவிலும் தெல்தோட்டையிலும் அட்டைக்கடியோடு குனிந்து நிற்கும் அக்கைகளின்மேல் மீண்டும் சுமையை ஏற்றினர். சுரண்டியாற் சுரண்டினாலோ, மேல்மண் மழையோடு மகாவலிக்குப் போய்விடுகின்றது.

இப்பொழுது புதியதொரு உபதேசம் கிளம்பியிருக்கின்றது. செடிகளே களைகொல்லியைச் சுரக்கின்றனவாம். தழையை வெட்டிப் பரப்பினால் போதுமாம்! செடி சுரப்பது மெய்தான். ஒரு செடியின் இரசாயனம் அயற்செடியைப் பாதிக்கும் இயல்புக்கு ஹான்ஸ் மோலிஷ் என்னும் அறிஞர் 1937 இலேயே அல்லெலோபதி எனப் பெயரிட்டார். 1826 இல் பேராதனைப் பூங்கா வழியாக வந்து நாடெங்கும் பரவிய உண்ணிச்செடி (சிங்களத்தார் கந்தபான என்பர்), யூகலிப்டஸ், கூமரின் சுரக்கும் கிளிரிசிடியா யாவும் இவ்வினத்தனவே. ஆனால் அவை எல்லா மாதமும் ஒரே அளவில் வேலை செய்கின்றனவா என்று உபதேசிகள் எவரேனும் கேட்டதுண்டா?

தை முதல் பங்குனி வரை கண்டியிலே வறட்சி. நீர் குறைந்து வாடும் காலத்திற் பல செடிகளின் இலைகளிலே இப்பொருள்கள் செறிகின்றன. எனினும் அவற்றைக் கரைத்து மண்ணில் இறக்க மழை இல்லை. சித்திரை இடிமழை பெய்ததும் அவை கரைந்து இறங்குகின்றன. களைவிதைகள் கண் விழிப்பதும் அவ்வேளையிலேயே. இந்தச் சில வாரங்களிற்றான் தழையின் மருந்து களையோடு நேருக்கு நேர் மோத இயலும். வைகாசிக்குப் பின் தென்மேற்குப் பருவமழை அடித்துப் பெய்கையில் அதே மருந்து நீர்த்துப் போகின்றது. ஈரமண்ணின் நுண்ணுயிர்கள் எஞ்சியதையும் தின்றுவிடுகின்றன. அப்பருவத்திலும் ஹந்தானைச் சரிவு நனைவதுபோல் கிழக்கே தும்பறைப் பள்ளத்தாக்கு நனைவதில்லை. பங்குனித் தழையும் ஆடித் தழையும் ஒன்றல்ல. இரண்டு மலைகளும் ஒன்றல்ல. மேலும், களையைத் தடுக்கும் பொருள் இளந்தேயிலையின் வேரை மட்டும் விட்டுவிடும் என்பதற்கு என்ன பிணை?

கண்ணாடித் தட்டிலே இலைச்சாற்றை ஊற்றி, விதை முளைக்கவில்லை பாரீர் எனக் காட்டுவது எளிது. குறுக்கு விசாரணைக்கு உட்படாத சாட்சியத்தை எந்த நீதிமன்றம் ஏற்கும்?

பொறுமை அறியாத நாடுமன்று இது. பழந்தேயிலையைப் பிடுங்கிய நிலத்திலே மானாப்புல்லோ குவாதமாலாப்புல்லோ வளர்த்து, ஏறக்குறைய இரண்டாண்டு மண்ணைத் தேற்றிய பின்பே மறுநடுகை செய்க என்பது தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தாரின் முறையன்றோ? அந்தப் பொறுமையின் ஒரு பங்கு ஆணை வரைவோருக்கு ஏன் இல்லை?

விவசாயத் திணைக்களமும் பல்கலைக்கழகமும் பேராதனையிலேயே இருக்கின்றன. கலகா மலையிலும் தும்பறைத் தோட்டத்திலும் மாதந்தோறும் தழையிட்டு, களையை எண்ணி, இரு பருவமழையும் கடந்த கணக்கைத் தமிழிலும் வெளியிடட்டும். தழை வெட்டும் நாளும் சுமக்கும் நாளும் பரப்பும் நாளும் முழுப் பேர் போடும் நாள்களாகச் செக்ரோலில் ஏறட்டும். அதுவரை, மருந்தைத் தடுப்பதாயினும் தழையை விதிப்பதாயினும் அடுத்த வர்த்தமானியை அச்சுக்கு அனுப்பாதிருக்குமாறு கேட்கின்றோம்.